வீட்டுக்கு எத்தனை கழுதை

ஆவுடையப்பனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் எங்கள் வாசலில் நின்ற கழுதையின் காதைச் சொறிந்துகொண்டே, "உம்ம கழுதைக்கு வயசாகிப்போச்சுவே, இனியாவது இதுக்கு ஒரு பேர வையும்" என்றார். வலது கையில் மடங்காத இரண்டு விரல்களையும் ஒதுக்கி வைத்துக்கொண்டு மற்ற மூன்றால் சொறிவது அவர் வழக்கம். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது கழுதையும் கூட்டத்தோடு பின்னால் போயிற்று. போனவர்கள் எல்லாரும் குளித்துவிட்டு ஈரத்துணியோடு திரும்பினார்கள், கழுதை மட்டும் திரும்பவில்லை. இருபத்து மூன்று வருஷம் தின்னாமல், குடிக்காமல், ஒரு தடவைகூடக் கத்தாமல் எங்கள் வாசலில் நின்ற கழுதை அது. அது வந்த கதையை என் மனைவி வடிவு இருந்தவரை அவள்தான் எல்லாருக்கும் சொல்வாள், எனக்கு அவ்வளவு பேச்சு வராது. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதனால் எழுதுகிறேன்.

முத்துக்குறிச்சியில் நான் அப்போது வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து அட்டையில் எழுதுகிற வேலையில் இருந்தேன். எனக்கும் வடிவுக்கும் கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம் அது. பங்குனியில் ஒரு பகல், நாங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், தெப்பக்குளத் தெருவில் எங்கள் வாடகை வீட்டு ஓட்டைப் பிரித்து ஒரு திருடன் இறங்கி ரேடியோவையும் இரண்டு பித்தளைக் குடத்தையும் ஒரு டின் முறுக்கையும் எடுத்துக்கொண்டு போனான். ஏட்டு தங்கதுரை வந்து எங்கள் வாசற்படியில் நின்றபடியே கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். சித்திரையில் வடிவுக்கு வயிற்றில் தங்கியிருப்பது தெரிந்தது. ஒன்பது வருஷம் கழித்து வந்த பிள்ளை. அவள் சந்தோஷப்பட்டாள், ஆனால் மல்லாந்து படுத்து ஓட்டையே பார்த்துக்கொண்டு சந்தோஷப்பட்டாள். பூனை நடந்தாலும் எழுந்து உட்கார்ந்தாள். வைகாசியில் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, களவு நடக்காத தெருவுல ஒரு வீடு பாருங்க. இந்த ஓட்டுக்குக் கீழ நான் பெத்துக்கிட மாட்டேன்."

"களவு நடக்காத தெருன்னு எதுல எழுதியிருக்கு?"

"போலீஸ் ஸ்டேசன்ல எழுதியிருக்கும்லா. அங்கயும் மீட்டர் இருக்கும்லா."

இருந்தது. அடுத்த தடவை ஸ்டேஷன் மீட்டரைப் பார்க்கப் போனபோது தங்கதுரை ஏட்டிடம் கேட்டேன். "பொண்ணு பாக்கப் போறவன் ஜாதகம் கேப்பான், வீடு பாக்கப் போறவன் கேஸ் கட்டு கேக்கது இப்பத்தான்வே பாக்கேன்" என்று சிரித்துவிட்டு, தெருவாரியாக எத்தனை கேஸ் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதை வடிவிடம் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனால் கணக்கில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. கேஸ் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரிய தெருவுக்கு அநியாயம் என்று சொல்லி, ஒவ்வொரு தெருவிலும் எத்தனை வீடு என்று என்னிடம் கேட்டாள். மீட்டர்காரனுக்கு அது மனப்பாடம். கச்சேரித் தெருவில் பத்து வீட்டுக்கு ஒரு கேஸ், எங்கள் தெப்பக்குளத் தெருவில் பதினைந்து வீட்டுக்கு ஒன்று, மாட்டுவண்டிக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் குடியிருந்த வண்டிப்பேட்டைத் தெருவில் அறுபத்திரண்டு வீட்டுக்கு முப்பத்தொன்று, அதாவது இரண்டு வீட்டுக்கு ஒன்று. புதிதாகக் கட்டிய மங்களம் நகரில், நாற்பது வீடும் இரும்பு கேட்டும் கண்ணாடித்துண்டு பதித்த மதிலும் உள்ள மங்களம் நகரில், ஒன்றுகூட இல்லை.

"மங்களம் நகர்" என்று அடியில் கோடு போட்டாள்.

அங்கே காலியாக இருந்த ஒரு வீட்டைப் பேசினோம். அதற்குள் ஆனி முடிந்து ஆடி வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டைவிட்டு மாறக் கூடாது என்பது இன்னொரு கட்டு. வடிவுக்கு ஏழாம் மாதம் பிறப்பது ஆவணி ஐந்தாம் தேதி. ஆவணியின் முதல் முகூர்த்தம் நான்காம் தேதி காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை. எங்களுக்கு இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

ஆடி முதல் தேதி காலையில் வாசல் தெளிக்கப் போன பெண்கள் ஊரெங்கும் கழுதைகள் நிற்பதைப் பார்த்தார்கள்.

சாம்பல் நிறத்தில், வயிற்றில் வெளுத்து, ஒவ்வொன்றும் ஒரு வாசலைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்து அசெம்பிளியில் நிற்பதுபோல அசையாமல் நின்றன. எங்கிருந்து வந்தன என்று யாரும் அதிக நேரம் யோசிக்கவில்லை, ஏனென்றால் முத்துக்குறிச்சியில் சைக்கிள் கடையிலிருந்து நகைக்கடை வரை கல்லாவுக்கு மேலே, என்னைப் பார் யோகம் வரும் என்று எழுதிய கழுதைப் படம் மாட்டாத கடையே கிடையாது, இத்தனை வருஷம் படத்தில் பார்த்த யோகம் இப்போது உயிரோடு வந்து வாசலில் நிற்கிறது என்றால் அதைப் போய் எங்கிருந்து வந்தாய் என்று கேட்பார்களா? பத்து மணிக்குள் மஞ்சள் பூசினார்கள், பொட்டு வைத்தார்கள், மாலை போட்டார்கள், காரட் கொடுத்தார்கள், அவை தின்னாதபோது விரதம் என்றார்கள். கழுதை இல்லாத வீட்டுக்காரர்கள் கழுதை உள்ள வீட்டிலிருந்து ஒன்றைக் கயிறு போட்டு இழுத்துவந்து கட்டினார்கள். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் கயிறு முடிச்சு அவிழாமல் கிடக்கும், கழுதை பழைய வாசலில் நிற்கும்.

ஊர் முழுக்க எண்ணத் தொடங்கியது. மங்களம் நகரில் நாற்பத்து மூன்று. கேட்டதும் ஊரே பெருமூச்சு விட்டது. கச்சேரித் தெருவில் இருபத்தாறு, அதில் பத்தொன்பது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பிரமோஷன் வரப்போகிறது என்று ஏட்டையா எல்லாருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். வண்டிப்பேட்டைத் தெருவில் இரண்டே இரண்டு. "பாவம், யோகங்கூட அந்தப் பக்கம் போகப் பயப்படுது" என்று பஸ் ஸ்டாண்டில் சிரித்தார்கள்.

எங்கள் வாசலில் இரண்டு நின்றன. ஒன்று தலையைத் தூக்கி ஓட்டைப் பார்த்தது. இன்னொன்று வாசற்படியைப் பார்த்தது.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு பிள்ளைக்கு" என்றாள் வடிவு. பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஓட்டை மறந்து தூங்கினாள்.

ஆடி பத்தாம் தேதி நான் மங்களம் நகரில் காண்ட்ராக்டர் குஞ்சரமூர்த்தி வீட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் அப்போது இரண்டு கழுதை. பெரிய சம்பங்கி மாலை இரண்டு வந்திருந்தது, ஒன்று நீளம், ஒன்று குட்டை. "கழுதைக்குக் கழுதை வித்தியாசம் காட்டுவியோ?" என்று கேட்டுவிட்டு அவர் தன் மனைவி மரகதத்தின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள், ஏதோ தெருமுனையில் திரும்பி வந்ததுபோல, ஆனால் அங்கே தெருமுனையே கிடையாது, கேட்டுக்கு வெளியே மூன்றாவது கழுதை வந்து நின்றது.

"பாத்தீராவே மீட்டரு!" என்று குஞ்சரமூர்த்தி என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "மூணு! இந்தத் தெருவுல எவனுக்கு இருக்கு மூணு? ஏ மரகதம், சீனி எடுத்துட்டு வா."

மரகதம் சீனி எடுத்துவந்தார். என் கையில் கொஞ்சம் கொட்டும்போது, அவர் கணவர் கழுதைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எனக்கு மொத நாளே தெரியும்" என்றார் மெல்ல. "மொத ரெண்டும் எந்தெந்த நாளுன்னுகூடத் தெரியும். அவங்ககிட்ட சொல்லல. சொன்னா அதுக்கும் ஒண்ணு வரும்."

அந்தச் சீனியை நான் வாயில் போடவில்லை. வீட்டுக்கு வந்து வடிவிடம் சொன்னேன், வடிவு ரேஷன் கடை வரிசையில் சொன்னாள், வரிசை கலைந்து ஆளுக்கொரு திசையில் ஓடியது, கேடு நடக்கிற இடத்தில்தான் கழுதை வந்து நிற்கிறது என்பது தெரியாதவர் மூன்று மணிக்குள் முத்துக்குறிச்சியில் ஒருவரும் இல்லை. சரிபார்ப்பதற்கும் நேரமாகவில்லை. சந்தையில் ஒருவன் ஒருவனுடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக, பறிகொடுத்தவன் சத்தம் போட வாயைத் திறந்தபோது சைக்கிள் நின்ற இடத்தில் ஒரு கழுதை நின்றது.

அப்புறம் அந்த ஊரில் நடந்ததைப்போல ஒரு திருவிழா நான் பார்த்ததில்லை. மாலைகளைப் பிடுங்கினார்கள், மஞ்சளைக் கழுவினார்கள், கழுதைகளுக்குச் சாக்குப் போர்த்தினார்கள், தகரம் வைத்து மறைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் ஒரு குடும்பம் தன் கழுதைக்கு மூங்கில் கொம்பு கட்டி வெள்ளை அடித்து மாடு என்றது, வந்தவர்கள் மாட்டைக் கும்பிட்டுவிட்டுப் போய், வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். காய்கறிக்காரியோடு பேரம் பேசிக்கொண்டே அவள் வீட்டுக் கழுதை எத்தனை என்று கேட்டார்கள். எல்லார் கையிலும் ஒரு தாள். தெருவில் எத்தனை வீடு, எத்தனை கழுதை என்று என்னை வழிமறித்துக் கேட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஞாபகம் வருகிற மீட்டர்காரன் நான், அந்த ஆடியில் ஊருக்கே முக்கியமான மனிதன் ஆகிவிட்டேன்.

வடிவு பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். மங்களம் நகரில் வீட்டுக்கு ஒன்றுக்கும் மேலே. வண்டிப்பேட்டையில் முப்பத்தொரு வீட்டுக்கு ஒன்று.

"ஏட்டையா தாள்ல அவங்களுக்கு முப்பத்தொண்ணு கேஸ். இங்க ரெண்டு கழுதை. எது பொய்?" என்று கேட்டாள்.

அதை நான் ஏட்டிடமே போய்க் கேட்டேன். பத்தொன்பது கழுதைக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார்.

"பொய் இல்லவே. களவு நடந்த தெருவ நாங்க எழுதுறது இல்ல. பிடிச்ச ஆளோட தெருவத்தான் எழுதுவோம்."

"ஆள எப்படிப் பிடிப்பீங்க?"

"பறிகொடுத்தவன் யார் மேல சந்தேகம்னு சொல்லுதானோ அவன."

வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் அந்த இரண்டாவது கழுதை படியையே பார்த்துக்கொண்டு நின்றது. வடிவு அதன் பக்கத்தில் நின்றாள்.

"ஓட்டப் பாக்குதது திருடனோடது. இது எதுக்குங்க? இந்தப் படியில நான் ஒண்ணும் பண்ணல. நீங்க?"

பங்குனியில் அந்தப் படியில் நின்றுதான் ஏட்டு கேட்டார், யார் மேலாவது சந்தேகம் இருக்கா என்று. முத்துக்குறிச்சியில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், எல்லாரும் சொல்வது, நானும் சொன்னேன்: வண்டிப்பேட்டை ஆளாத்தான் இருக்கும். யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லுமய்யா என்றார். எங்களுக்கு விறகு கொண்டுவந்து போட்ட வண்டிக்காரர் பெயர் வாயில் வந்தது. ஆவுடையப்பன். மூன்று நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். விரலை ஒடித்ததைக் கேள்விப்படவில்லை.

இதை வடிவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய், சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"நடங்க. அங்கதான் வீடு கேக்கணும். அங்கதான் இதயும் சொல்லணும்."

வண்டிப்பேட்டைத் தெருவில் அன்று மங்களம் நகரே நின்றது. தாம்பாளத்தில் பழமும் பூவுமாக வரிசை. தெருவில் காலியாக இருந்தது ஒரே ஒரு வீடு, பதினேழாம் நம்பர், அது ஆவுடையப்பனின் அக்கா செல்லக்கிளியுடையது. கவிழ்த்துப் போட்ட நெல்குதிர் மாதிரி இருந்த அந்த அம்மா வண்டியின் நுகத்தடியில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"உங்க வாசல்ல எத்தன? எது எதுக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா, அதுகூட வழி தவறி வந்தது" என்றார் எங்களுக்கு முன்னால் நின்றவர்.

"அப்ப நீயும் வழி தவறித்தான் வந்திருக்க. பழத்த எடுத்துக்கோ. அடுத்த ஆளு."

அடுத்தது நாங்கள். பக்கத்தில் ஆவுடையப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். குரல் எழும்பாததால் செல்லக்கிளி இரண்டு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவை ஆவுடையப்பனுக்கும் கேட்டது. வாளியைக் கீழே வைத்தார்.

"நீருதானா?" என்றார். தன் விரல்களைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முறுக்கு டின்ன எங்கடா ஒளிச்சு வச்சன்னு கேட்டாங்கவே. மூணு நாளும் முறுக்கத்தான் கேட்டாங்க."

வடிவு கைகூப்பினாள். செல்லக்கிளி அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "நீ சொல்லுலே. உன் கை."

ஆவுடையப்பன் யோசித்துவிட்டுச் சொன்னார். "வீடு தாரோம். நாலாந்தேதி முகூர்த்தத்துக்குள்ள அந்தக் கழுதையக் கூட்டிட்டு வாரும். தெனமும் காலையில எந்திரிச்சு நான் அதப் பாக்கணும்."

"கழுத நகராதே" என்றேன்.

"எனக்கும் தெரியும்" என்று வாளியை எடுத்துக்கொண்டார்.

ஆவணி நான்காம் தேதி விடிந்தபோது முத்துக்குறிச்சி முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு மாதம் எண்ணி எண்ணிக் கணக்குப் போட்ட ஊர், ஏழரை மணிக்காகக் காத்திருந்து, ஏழரை அடித்ததும் பீரோவும் கட்டிலும் ஆட்டுக்கல்லும் தொட்டிலுமாகக் கிளம்பியது; கச்சேரித் தெருக்காரர்கள் தெப்பக்குளத் தெருவுக்கும், தெப்பக்குளத் தெருக்காரர்கள் பஜனைமடத் தெருவுக்கும், மங்களம் நகர்க்காரர்கள் மங்களம் நகர் தவிர எங்கே வேண்டுமானாலும் போக, எல்லா மூட்டையும் வண்டிப்பேட்டைக்காரர்களின் வண்டியில்தான் போக வேண்டியிருக்க, கோழிகள் கூடையிலிருந்து கத்த, யாருடைய பால்பானை யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் எல்லாரும் எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள்.

நான் ஒரு கைவண்டியில் சாமானை ஏற்றி ஆள் வைத்து முன்னால் அனுப்பிவிட்டேன். வடிவு நிறைகுடமும் உப்பும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு நின்றாள். நான் கழுதைக்குக் கயிறு போட்டு இழுத்தேன். குழாயடி வரை வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால் வெறும் கயிறு, கழுதை வாசலில் நின்றது. மறுபடி இழுத்தேன். மறுபடி வாசலில் நின்றது. மூன்றாவது தடவை எட்டு மணி ஆகிவிட்டது. வடிவின் இடுப்பில் குடம் தளும்பியது.

குழாயடியில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "எங்க ஓய் இழுத்துட்டுப் போறீரு? வேற கழுதையா கெடைக்கல?" என்றார்.

எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. "இது என் கழுதை" என்று கத்தினேன். "ஆவுடையப்பன் மேல நான் பொய்யாச் சந்தேகம் சொன்னேன், அவர் விரல ஒடிச்சுட்டாங்க. இது அந்தக் கழுதை."

கயிறு தளர்ந்தது. நான் இழுக்காமலே கழுதை முன்னால் நடந்தது. பத்துப் பதினைந்து அடி போய் நின்றது. திரும்பிப் போகவில்லை, காதை மட்டும் ஆட்டியது.

வடிவுக்குப் புரிந்துவிட்டது. "அடுத்த ஆளுக்கிட்டச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். வாழ்நாளில் பத்துப் பேர் முன்னால் பேசாதவன், பீரோ ஏற்றிய வண்டிக்குக் கீழே நின்று மேலே இருந்தவர்களிடம் சொன்னேன், தொட்டிலோடு போன குடும்பத்திடம் சொன்னேன், பூக்காரியிடம் சொன்னேன், காது கேட்காத ஒரு பெரியவரிடம் மூன்று தடவை சொன்னேன். ஒவ்வொருவருக்கும் பத்துப் பதினைந்து அடி. சிரித்தவர்களும் உண்டு. கேட்டுவிட்டுச் சட்டென்று தங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தவர்களும் உண்டு. ஸ்டேஷன் எதிரே கழுதை நட்ட கல்லைப்போல நின்றுவிட்டது. ஏட்டு வெளியே வந்தார்.

"இத ஏன்வே ரோட்டுல வச்சுச் சொல்லுதீரு?"

"இங்கதான் நிக்குது ஏட்டையா."

அவர் தன் பத்தொன்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "சரி, கேட்டுட்டேன். ஆமா, நாந்தான் ஒடிச்சேன். போவும்." கழுதை நடந்தது.

எட்டே முக்காலுக்குச் சந்தை முக்கில் வண்டிகள் முட்டிக்கொண்டு வழியில்லாமல் போயிற்று. அங்கே ஒரு வண்டியில் டிரங்குப் பெட்டியோடு தனியாக மரகதம் உட்கார்ந்திருந்தார், அம்மா வீட்டுக்குப் போகிற வண்டி. அவர் எழுந்து நின்று, சந்தைக்கே கேட்கிற குரலில், "வண்டிய ஒதுக்குங்க, அந்தக் கழுதை மொதல்ல போவட்டும்" என்றார். அந்த அம்மாவின் குரல் அவ்வளவு பெரியது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. வண்டிகள் ஒதுங்கின. கழுதை ஓடத் தொடங்கியது, நான் கயிற்றோடு ஓடினேன், வயிற்றையும் குடத்தையும் பிடித்துக்கொண்டு வடிவு சிரித்துக்கொண்டே வேகமாக நடந்தாள், பின்னால் பாதி ஊர் வந்தது.

பதினேழாம் நம்பர் வாசலில் ஆவுடையப்பன் நின்றார். ஒன்பதாக ஐந்து நிமிஷம் இருந்தது. கழுதை அவர் முன்னால் போய் நின்று பெருமூச்சு விட்டது. அவர் அதைச் சுற்றிவந்து முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு தன் மாட்டை அவிழ்த்து அடுத்த முளையில் கட்டிவிட்டு, "இந்த எடத்துல நிறுத்தும். வெயில் படாது" என்றார்.

என்னிடம் அவர் அடுத்த வார்த்தை பேசியது தை மாதத்தில்தான். செல்லக்கிளி அடுப்பு மூட்டி வைத்திருந்தார். வடிவு பால்பானையை ஏற்றினாள். ஒன்பது மணிக்கு முன்னால் பொங்கிவிட்டது.

கார்த்திகை மழையில் எங்கள் மகள் பிறந்தாள். மற்றக் கழுதைகள் எல்லாம் வந்தது போலவே ஒரு பங்குனிக் காலையில் இல்லாமல் போயின. ஊர் மறுபடியும் ஏட்டின் தாளைப் பார்த்து வீடு தேடத் தொடங்கியது, மங்களம் நகரில் இப்போது இடம் கிடைப்பது கஷ்டம். செல்லக்கிளி கடைசிக் காலத்தில் அந்த வீட்டை எங்களுக்கே கிரயம் செய்து கொடுத்தார். என் மகளும் மருமகனும் அதில் இருக்கிறார்கள், நான் முன்னறையில் இருக்கிறேன். பத்திரம் வடிவு பெயரில் இருக்கிறது. கரண்ட் மீட்டர் இன்னும் செல்லக்கிளி பெயரில்தான் இருக்கிறது.